புல்லின் வரவு, மண்ணின் இருப்பு

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் சாலையில் மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளை வெளேரென்று குடைந்து போட்ட குன்றுகள் தெரியும். ஆங்கிலேயர்கள் இவற்றைச் சாக்பீஸ் மலை என்ற பொருளில் அழைத்தார்கள். உண்மையில் அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த மக்னீசியம் மிகுந்த பாறையோடு கரியமில வாயு கலந்த நீர் வினைபுரிந்து உண்டான கல். 84 கிலோ தூய மேக்னசைட்டை எடுத்துக்கொண்டால் அதில் 44 கிலோ கரியமில வாயு அடைபட்டிருக்கிறது. பாதிக்கும் மேல்! சூளையில் போட்டுச் சுடும்வரை அது வெளியே வராது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருக்கும்.

அங்கிருந்து மேற்கே ஓமலூர் தாண்டி மேச்சேரிக்குப் போனால் நிலம் நிறம் மாறுகிறது. செம்மண், சரளை, ஆங்காங்கே வெள்வேல மரம், மழை பெய்த வருடத்தில் முழங்கால் உயரம் புல். செம்பழுப்பு நிறத்தில் மேச்சேரி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். இங்கேயும் காற்றிலிருக்கும் கரியமில வாயு பிடிபடுகிறது. ஆனால் வேகம் வேறு. காலையில் இலைக்குள் போன கார்பனில் ஒரு பகுதி அன்றிரவே மூச்சாகத் திரும்பிவிடும். இன்னொரு பகுதி கோடைக்குள் கரையான் வயிற்றுக்கோ ஆட்டின் வயிற்றுக்கோ போகும். மிகச் சிறிய பங்கு மட்டும் மண்ணோடு ஒட்டிப் பல பத்தாண்டுகள் தங்கும்.

மேய்ச்சல் நிலத்தின் கார்பனைப் பற்றிப் பேசும்போது நடக்கும் குழப்பங்களில் பெரும்பாலானவை, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதையும் எவ்வளவு தங்குகிறது என்பதையும் ஒன்றாக்குவதால் வருபவை. கடைக்காரர் தன் பேரேட்டில் வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதி, அடியில் இருப்பு என்று தனியாகக் கோடு போடுவார் இல்லையா, அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும். சேலம், நாமக்கல் சமவெளியின் ஓர் ஏக்கர் மானாவாரிப் புல்லை எடுத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

வெயிலுக்கு வளையாத இலை

செடி கரியமில வாயுவைப் பிடிக்க ரூபிஸ்கோ என்ற நொதியை நம்பியிருக்கிறது. அதற்கு ஒரு கோளாறு உண்டு. கரியமில வாயு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் செடிக்கு நஷ்டம். சேர்த்த கார்பனில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் தவற்றைச் சரிசெய்ய முடியும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறு பெருகும். ஏப்ரல், மே மாதங்களில் 38, 40 டிகிரி அடிக்கும் சேலத்தில் நெல்லும் நிலக்கடலையும் இந்த நஷ்டத்தைச் சுமந்துதான் வளர்கின்றன.

புல் வகைகளில் பல இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. இலையின் வெளிச் செல்களில் வேறொரு நொதி கரியமில வாயுவைப் பிடித்து நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்குகிறது. அந்த அமிலம் இலை நரம்பைச் சுற்றியுள்ள உள் செல்களுக்குப் போய் அங்கே கரியமில வாயுவை அவிழ்த்துவிடுகிறது. ரூபிஸ்கோ அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கரியமில வாயு நெருக்கமாக இருப்பதால் தவறு செய்ய அதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஆஸ்திரேலியாவில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் இருவரும் கரும்பு இலையில் இந்த வழியை 1966-ல் விளக்கினார்கள். நான்கு கார்பன் அமிலத்தை வைத்து இதற்குச் சி-4 முறை என்று பெயர்.

கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல், அருகம்புல், சோளம், கம்பு எல்லாம் சி-4 கூட்டம். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் வந்து இறங்கும் மக்காச்சோளமும் அதே கூட்டம்தான். பூக்கும் தாவர இனங்களில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே சி-4. ஆனால் உலக நிலப்பரப்பில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இவற்றுடையது. காரணம் வெயில் மட்டும் இல்லை, தண்ணீரும்தான். இலைத்துளையைக் குறுக்கித் திறந்தாலே போதுமான வாயு கிடைத்துவிடுவதால், ஒரு கிலோ உலர் எடை சேர்க்க மற்ற செடிகள் செலவிடும் நீரில் பாதி அளவே சி-4 புல்லுக்குப் போதும். மழை எண்ணிப் பெய்யும் ஊரில் இது பெரிய முதல்.

ஒரு மில்லிமீட்டர் மழைக்கு எவ்வளவு புல்

நாமக்கல் மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். சேலம் பகுதியில் அதைவிடக் கூடுதல். கோடை மழை கொஞ்சம், ஆடி ஆவணியில் இடியோடு கொஞ்சம், மீதி ஐப்பசி கார்த்திகையில். தண்ணீர்தான் இங்கே புல்லின் வளர்ச்சிக்கு எல்லை போடுகிறது.

மழைக்கும் புல்லுக்கும் உள்ள உறவை எண்ணில் வடித்த புகழ்பெற்ற ஆய்வு 1988-ல் வந்தது. ஒஸ்வால்டோ சாலாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில் ஆயிரக்கணக்கான இடங்களின் விளைச்சலை மழையோடு ஒப்பிட்டார்கள். இடத்துக்கு இடம் விளைச்சலில் இருந்த வேறுபாட்டில் 90 விழுக்காட்டை ஆண்டு மழையே விளக்கிவிட்டது. கூடுதலாகப் பெய்யும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சதுர மீட்டரில் சுமார் 0.6 கிராம் உலர் புல்.

அந்த வாய்பாட்டில் நாமக்கல்லின் 700 மில்லிமீட்டரைப் போட்டால் சதுர மீட்டருக்கு 386 கிராம் வருகிறது. ஏக்கருக்கு ஒன்றரை டன். அமெரிக்கச் சமவெளியின் குளிர் வேறு, நம் வெயில் வேறு. எனவே இதை ஒரு மாதிரிக் கணக்கு என்றே கொள்ள வேண்டும். ஆனாலும் அளவு எந்த வட்டத்துக்குள் இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-1 நீலக் கொழுக்கட்டைப் புல், நல்ல நிலத்தில், பராமரிப்போடு, பல அறுப்புகளில் எக்டருக்கு ஆண்டுக்கு 40 டன் பசும்புல் தரும் என்கிறார்கள். அதில் கால் பங்கு உலர் எடை என்று கொண்டால் ஏக்கருக்கு 4 டன். பாசனம் கொடுத்து வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அதைப்போல் ஒன்பது பத்து மடங்கு பசும்புல் தரும். ஆனால் அந்தத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மின்சாரத்தால் ஏறி வர வேண்டும்.

உலர் புல்லின் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன். ஒன்றரை டன் புல்லில் 0.68 டன். தரைக்குக் கீழே வேரும் ஏறக்குறைய அதே அளவு வளர்கிறது என்று வைத்தால் ஏக்கருக்கு 1.35 டன் கார்பன். இது நிகர வரவு. மொத்த வரவு இதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 2.7 டன். மீதிப் பாதியைச் செடி தன் சொந்த மூச்சுக்கே எரித்துவிடுகிறது. வளர்வதற்கும் உயிர் வாழ்வதற்கும் அதுதான் எரிபொருள்.

இதை நேரடியாக அளக்கும் பழைய முறை எளிது. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருக்கும் புல்லை அடியோடு அறுத்து, அடுப்பில் உலர்த்தி எடைபோடுவது. மாதாமாதம் இதைச் செய்தால் வளர்ச்சி தெரியும். வேருக்கு மண்ணைக் குழாய் குழாயாகத் தோண்டி, கழுவி, பொறுக்க வேண்டும். ஜே. எஸ். சிங்கும் பி. எஸ். யாதவாவும் ஹரியானாவின் குருக்ஷேத்திரத்தில் இந்தப் பொறுமையான வேலையைச் செய்து 1974-ல் வெளியிட்ட கட்டுரை, வெப்பமண்டலப் புல்வெளி பற்றிய ஆய்வுகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது.

வானிலிருந்தும் அளக்கலாம். இலை எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது, உறிஞ்சிய ஒளியில் எத்தனை பங்கைக் கார்பனாக மாற்றுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் விளைச்சல் கிடைத்துவிடும் என்று ஜான் மான்டீத் 1972-ல் எழுதினார். மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் கணக்கு இந்த அடிப்படையில் நடப்பதுதான். ஆனால் அதன் ஒரு புள்ளி 500 மீட்டருக்கு 500 மீட்டர், அதாவது 62 ஏக்கர். நாமக்கல் பக்கம் 62 ஏக்கருக்குள் ஒரு தென்னந்தோப்பு, இரண்டு கோழிக் கொட்டகை, மரவள்ளிக் காடு, கொள்ளு விதைத்த மேட்டாங்காடு, ஓடைப் புறம்போக்கு எல்லாம் வந்துவிடும். எதன் பசுமை எது என்று பிரிப்பது கடினம். ஆகவே சட்டமும் அரிவாளும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

முதல் மழையில் நிலம் விடும் மூச்சு

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த நிலத்தில் முதல் கோடை மழை விழுந்ததும் புல் தளிர்க்கும், காற்றிலிருந்து கார்பன் இறங்கும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு. முதல் சில நாட்களுக்கு நிலம் கரியமில வாயுவை வெளியே கொட்டுகிறது. காய்ச்சலில் செத்த நுண்ணுயிர்களின் உடல்கள், உடைந்த மண் கட்டிகளுக்குள் இருந்து விடுபட்ட மட்கு, இவை நனைந்ததும் பிழைத்திருந்த நுண்ணுயிர்களுக்கு விருந்தாகின்றன. கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியலாளர் 1958-ல் இதை விரிவாக விளக்கியதால் பர்ச் விளைவு என்று பெயர்.

பச்சை பிடித்து, இலை விரிந்த பிறகுதான் கணக்கு வரவுப் பக்கம் திரும்பும். அதற்குள் அடுத்த மழை வராவிட்டால் தளிர் கருகிவிடும். அந்த மழை நிலத்துக்குச் செலவாகவே முடியும். எனவே ஆண்டு மொத்தம் 700 மில்லிமீட்டர் என்பது மட்டும் போதாது. அந்த 700 எப்படிப் பிரிந்து பெய்தது என்பதும் முக்கியம். இடைவெளி விட்டுப் பெய்யும் பத்துச் சிறு தூறல்களைவிட, மண் ஆழம் வரை ஊறும் நான்கைந்து நல்ல மழை புல்லுக்கு உதவும். ஆனால் ஒரே நாளில் கொட்டினால் சரளை மண்ணில் தங்காமல் ஓடையில் போய்விடும். ஒரே நிலம் ஒரு வருடம் கார்பனைச் சேர்ப்பதும் அடுத்த வருடம் இழப்பதும் வறண்ட புல்வெளிகளில் இயல்பு. ஒரு வருட அளவீட்டை வைத்துக்கொண்டு இந்த நிலம் இத்தனை டன் கார்பனை விழுங்குகிறது என்று அறிவிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

தரைக்குக் கீழே

நிகர வரவு 1.35 டன் என்று பார்த்தோம். இதில் மேலே உள்ளதைக் கால்நடை மேயும், கரையான் தின்னும், மீதி வெயிலிலும் மழையிலும் சிதையும். கீழே உள்ள வேரையும் நுண்ணுயிர் விடாது. ஆனாலும் வேரின் கார்பன் தண்டின் கார்பனைவிட மண்ணில் அதிக காலம் தங்குகிறது. அது ஏற்கனவே மண்ணுக்குள் இருக்கிறது. களிமண் துகளோடு ஒட்டிக்கொள்ள அதற்குத் தூரமே இல்லை. வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகிச் சாகின்றன. அவற்றின் எச்சம்தான் நெடுங்கால மட்கில் பெரும்பங்கு.

நம் செம்மண்ணுக்கு இங்கே ஒரு குறை. சரளையும் மணலும் மிகுந்த மண்ணில் கார்பன் ஒட்டிக்கொள்ளக் களிமண் குறைவு. மண் பரிசோதனை அட்டையில் கரிமச் சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று எழுதுவார்கள். இந்தச் சமவெளியின் பல காடுகளின் அட்டையில் அந்தச் சொல்தான் இருக்கும். இன்னொரு தடை தழைச்சத்து. மட்கில் சுமார் பத்துப் பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருக்கும். ஒரு டன் கார்பனை நிலையாக வைக்க 80 முதல் 100 கிலோ தழைச்சத்து வேண்டும். புல்லால் மட்டும் அதைக் கொண்டுவர முடியாது. கொழிஞ்சி, செப்பு நெருஞ்சி, நரிப்பயறு போன்ற பயறுக் குடும்பச் செடிகள் புல்லோடு கலந்திருக்கும்போதுதான் மட்கு உயரும்.

ஏக்கர் நிலத்தின் மேல் அரை அடி மண் சுமார் 850 டன் எடை. அதன் கரிமச் சத்து 0.4-லிருந்து 0.5 விழுக்காடாக உயர்ந்தால் சேரும் கார்பன் 0.85 டன். கேட்கச் சிறியதாக இருந்தாலும் வருடத்துக்கு 0.1 டன் வீதம் சேர்த்தால் எட்டரை வருடம் ஆகும். அந்த வேகமே நல்ல பராமரிப்பில் கிடைக்கக்கூடியது. ஆக நம் ஏக்கரின் பேரேடு இப்படி நிற்கிறது: மொத்த வரவு 2.7 டன், நிகர வரவு 1.35 டன், நல்ல நிர்வாகத்தில் வருட இருப்பு 0.1 டன்.

கொறங்காடு

இந்த 0.1 டன்னைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்று நாமக்கல்லுக்குத் தெற்கிலும் மேற்கிலும் தலைமுறைகளாக நடந்து வருகிறது. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில், அரவக்குறிச்சி வட்டாரத்தின் கொறங்காடு. தனியார் நிலம்தான். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நுழைய ஒரு படல், உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் பயறுச் செடிகளும், இடையிடையே வெள்வேல மரம். பழையகோட்டை பட்டக்காரர் குடும்பம் பேர் வாங்கித் தந்த காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்தது. நிலத்தைத் துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்துவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார்கள். வெள்வேலங்காய் கோடையில் தீவனம். சில வருடத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து, மறுபடி புல்லுக்கு விடுவார்கள்.

கார்பன் கணக்கில் இந்த ஏற்பாடு செய்வது என்ன? புல்லின் இலையை வெட்டினால் அது வேரிலிருந்து சேமிப்பை எடுத்துப் புது இலை விடும். மறுபடி உடனே கடித்தால் மறுபடி வேரிலிருந்து எடுக்கும். மூன்று நான்கு முறை இப்படி நடந்தால் வேர் சுருங்கி, கொழுக்கட்டை போன்ற நெடும்புல் செத்து, கால்நடை தொடாத களை அந்த இடத்தைப் பிடிக்கும். துண்டு மாற்றி மேய்ப்பது வேருக்குத் திரும்பச் சேர்க்க அவகாசம் தருகிறது. படல் சாத்திய வேலி இல்லாவிட்டால் அந்த அவகாசம் கிடைக்காது. புறம்போக்கு மேய்ச்சல் நிலம் கட்டாந்தரையாவதும் பக்கத்துக் கொறங்காடு பச்சையாக இருப்பதும் மண்ணின் வேறுபாட்டால் வருவதைவிட இந்த அவகாசத்தால் வருவதே அதிகம்.

விளைந்த புல்லில் பாதியை மேயவிட்டுப் பாதியை நிலத்துக்கு விடுவது மேய்ச்சல் நிர்வாகத்தின் பொது விதி. ஒன்றரை டன்னில் பாதி 750 கிலோ. 25 கிலோ எடையுள்ள மேச்சேரிப் பெட்டை ஆடு நாளைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ உலர் தீவனம் தின்னும். அப்படியானால் ஏக்கருக்கு இரண்டு ஆடு. பொட்டனேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வருகிறது. கம்பளி இல்லாத, தோலுக்குப் பெயர்பெற்ற, வறட்சியில் மேய்ந்தே பிழைக்கும் ஆடு இது.

ஆனால் ஆட்டின் செலவையும் எழுத வேண்டும். ஓர் ஆடு செரிமானத்தில் வருடத்துக்கு சுமார் 5 கிலோ மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு சூடேற்றும் என்பதால், இரண்டு ஆட்டின் செலவு 280 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். மண்ணில் சேர்ந்த 0.1 டன் கார்பன் என்பது 367 கிலோ கரியமில வாயு. மிச்சம் 90 கிலோவுக்கும் குறைவு. இறைச்சி, தோல், எரு எல்லாம் தந்துவிட்டுக் கணக்கு நஷ்டமில்லாமல் முடிகிறதே என்று பார்த்தால் இது நல்ல சேதி. மேய்ச்சல் நிலம் வானத்தைச் சுத்தம் செய்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

இன்னொரு ஒப்பீட்டையும் செய்துவிடலாம். மேச்சேரிக்குப் பக்கத்திலேயே மேட்டூர் அனல்மின் நிலையம். நான்கு 210 மெகாவாட் அலகுகளும் ஒரு 600 மெகாவாட் அலகும் சேர்ந்து 1,440 மெகாவாட். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால், யூனிட்டுக்கு ஒரு கிலோ என்ற தோராயத்தில், சுமார் 1,400 டன் கரியமில வாயு. நன்றாகப் பராமரித்த 3,800 ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஒரு முழு வருடம் மண்ணில் சேர்ப்பது, ஆடுகளின் மீத்தேனைக் கழிக்காமலேயே, அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் ஈடாகும். நிலக்கரியின் கடனைப் புல் அடைக்காது.

மரம் நட்டால்

புல்லைவிட மரம் அதிகம் சேர்க்குமே, அங்கே மரம் நடலாமே என்பது அடுத்த கேள்வி. வருவாய்த் துறைப் பதிவேட்டில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு என்று கிடக்கும் நிலங்களைப் பார்த்ததும் தோன்றும் கேள்விதான். எம். டி. மதுசூதனும் அபி தமீம் வனக்கும் 2022-ல் வெளியிட்ட வரைபடம், இந்தியாவின் வறண்ட திறந்தவெளி இயற்கை நிலங்கள் சுமார் 3 லட்சம் சதுர கிலோமீட்டர், நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு என்று காட்டியது. அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பெரும்பகுதி அரசு ஏட்டில் பாழ்நிலம். பாழ்நிலம் என்றால் ஏதாவது நட வேண்டும், ஏதாவது கட்ட வேண்டும்.

மரம் நட்டால் தரைக்கு மேலே கார்பன் கூடும் என்பதில் சந்தேகமில்லை. கீழே என்ன ஆகும்? 74 ஆய்வுகளைத் தொகுத்து குவோ, கிஃபோர்ட் இருவரும் 2002-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, மேய்ச்சல் நிலம் மரத்தோப்பானால் மண் கார்பன் சராசரியாக 10 விழுக்காடு குறைகிறது. அதே நிலத்தை உழுது பயிர் வைத்தால் 59 விழுக்காடு குறைகிறது. உழுத நிலத்தைப் புல்லுக்குத் திருப்பினால் 19 விழுக்காடு ஏறுகிறது. போவது வேகம், வருவது மெதுவு என்பது இந்த எண்களில் தெரிகிறது. தண்ணீர் ஏறியதும் கொறங்காட்டை உழுது மரவள்ளி வைக்கும் விவசாயி மாவு வருமானத்தைப் பார்க்கிறார். மண்ணின் பேரேட்டில் எழுதப்படும் செலவு அவர் கண்ணில் படுவதில்லை, யாரும் அதற்கு அவரிடம் பணம் கேட்பதுமில்லை.

சீமைக்கருவேலம் நட்ட இடத்தைத் தாண்டித் தானாகவே பரவிய மரம். இதேபோல் அமெரிக்காவின் தென்மேற்கில் புதர் ஏறிய புல்வெளிகளை ராபர்ட் ஜாக்சன் குழுவினர் 2002-ல் ஆராய்ந்தார்கள். மழை குறைந்த இடங்களில் மண் கார்பன் கூடியிருந்தது, மழை மிகுந்த இடங்களில் குறைந்திருந்தது. ஒரே மாற்றம், இரண்டு முடிவு! ஆகவே சீமைக்கருவேலத்தை எல்லா இடத்துக்கும் ஒரே வாயால் வைவதும் வாழ்த்துவதும் அறிவியல் ஆகாது. கீழே புல் வளர விடாமல் கவிந்துவிடுகிறது, மேய்ச்சலைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டு தனி. அதற்குக் கார்பன் கணக்கு தேவையில்லை.

மண்ணில் இருக்கும் கார்பன் புல்லிலிருந்து வந்ததா, மரத்திலிருந்து வந்ததா என்றும் கண்டுபிடிக்கலாம். கார்பனில் 13 என்ற எடையுள்ள அபூர்வ அணுவை மரங்கள் அதிகமாக ஒதுக்குகின்றன, சி-4 புல் அவ்வளவு ஒதுக்குவதில்லை. அந்த வேறுபாடு செடி மக்கிய பின்பும் மண்ணில் நிற்கும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் 1993-ல் நீலகிரிச் சதுப்பு மட்கில் இந்தத் தடயத்தைப் படித்து, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், அங்கே சி-4 புல் ஓங்கியிருந்ததைக் காட்டினார்கள். எல்லாம் ஒரு காலத்தில் காடாக இருந்தது, மனிதன் வெட்டியதால் புல் வந்தது என்ற கதையை அந்த மட்கு ஏற்கவில்லை. சமவெளியிலும் இதே சோதனையைச் செய்யலாம். சி-4 தடயம் ஆழம் வரை போனால் அந்த நிலம் நெடுங்காலமாகப் புல் நிலம் என்று அர்த்தம்.

ஒரு மேய்க்கால் புறம்போக்கில் நாற்று நடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இதிலிருந்து தெளிவாகிறது. நடும் குழியை ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, அடுக்கு அடுக்காக மண்ணெடுத்து, கரிமச் சத்தை அளந்து எழுதிவைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். பக்கத்திலேயே ஓர் ஏக்கரை மரம் நடாமல் வேலி போட்டு, துண்டு மாற்றி ஏக்கருக்கு இரண்டு ஆடு என்று மேயவிட்டு, அதையும் அளக்க வேண்டும். இப்போது நாற்றுகளை எண்ணுகிறோம், பிழைத்தவற்றை எண்ணுகிறோம், மண்ணை எண்ணுவதில்லை. மண் பரிசோதனைக் கூடம் மாவட்டந்தோறும் இருக்கிறது. ஒரு மாதிரிக்கு ஆகும் செலவு ஒரு நாற்றுக்கும் அதன் முள்கூண்டுக்கும் ஆகும் செலவைவிடப் பெரிதில்லை. எந்த நிலத்தில் மரம் லாபம், எந்த நிலத்தில் புல்லை விட்டுவைப்பதே லாபம் என்பதை ஊருக்கு ஊர் சொல்ல அந்த இரண்டு அளவீடுகள் போதும்.